லீக்ஸ் குத்திக்கொள்ளும் திருநாள்

கே: மார்ச் 1 அன்று வேல்ஸ்காரர்கள் சட்டையில் லீக்ஸ் தண்டைக் குத்திக்கொண்டு திரிகிறார்களாமே, நிஜமா?
- வாசகி, திருநெல்வேலி

ப: நிஜம்தான். அது அவர்களுடைய காவல் புனிதர் டேவிட்டின் நாள். ஆறாம் நூற்றாண்டுத் துறவி, இறைச்சி தொடாமல் காய்கறியும் தண்ணீருமாகவே காலம் தள்ளினார் என்பார்கள். லீக்ஸ் என்றால் நம் வெங்காயத்தாளின் தடித்த அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்களேன். அந்த வாசனை ஒத்துவராதவர்களுக்கு மஞ்சள் டாஃபடில் பூ. வேடிக்கை என்னவென்றால், வெல்ஷ் மொழியில் லீக்ஸ் 'கென்னின்', டாஃபடில் 'கென்னின் பெடர்', அதாவது பேதுருவின் லீக்ஸ்! பெயர்க் குழப்பத்தில்தான் பூ உள்ளே நுழைந்தது என்று சொல்பவர்கள் உண்டு, எனக்கும் அப்படித்தான் படுகிறது.

கொண்டாட்டத்தைப் பார்க்க வேண்டுமென்றால் பள்ளிக்கூடத்துக்குத்தான் போக வேண்டும். சிறுமிகள் சால்வை போர்த்தி, உயரமான கறுப்புத் தொப்பி வைத்து வர, பையன்கள் பாதிப் பேர் சிவப்பு ரக்பி சட்டையில் வந்து நிற்க, பாட்டும் கவிதையுமாகப் போட்டி நடக்கும். வீட்டில் ஆட்டிறைச்சியும் லீக்ஸும் போட்டுக் கொதிக்கவைத்த 'கவுல்' என்கிற சூப். அப்புறம் வெல்ஷ் கேக்: உலர்திராட்சை சேர்த்த மாவை வட்டமாக வெட்டி, நம் தோசைக்கல் மாதிரி கனத்த இரும்புக்கல்லில் திருப்பிப் போட்டுச் சுட்டு, மேலே சர்க்கரை தூவுவார்கள்.

இத்தனை இருந்தும் அரசு விடுமுறை கிடையாது. 2000-ல் கார்டிஃபில் உள்ள வேல்ஸ் சட்டமன்றம் ஒருமனதாகக் கேட்டுப் பார்த்தது, லண்டனில் உள்ள பிரிட்டன் அரசு மசியவில்லை. வட அயர்லாந்துக்காரர்களுக்கோ மார்ச் 17-ல் அவர்களுடைய காவல் புனிதர் பாட்ரிக் பெயரைச் சொல்லி லீவு!