வாசகர் கேள்விகள்: தன்பாலீர்ப்பினருக்கான பயண வழிகாட்டிகள்

கேள்வி: தன்பாலீர்ப்பினருக்கென்று வந்த முதல் பயண வழிகாட்டி பாப் டேம்ரனுடையதுதானா?

இல்லை. தன்பாலீர்ப்பினர் கூடும் பார், கிளப் போன்ற இடங்களை ஊர்வாரியாகப் பட்டியலிடும் நூல்கள் இவை. அவற்றில் நிலைத்து நின்றது அமெரிக்கரான டேம்ரனுடையது. முந்தி வந்தவை வேறு. பெர்லினில் 1928-லேயே ரூத் மார்கரேட்டே ரோலிக் என்ற எழுத்தாளர், அந்நகரில் லெஸ்பியன் பெண்கள் கூடும் கிளப்புகளை விவரித்து ஒரு புத்தகம் வெளியிட்டார். பாலியல் ஆய்வாளர் மாக்னுஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் அதற்கு முன்னுரை எழுதினார். 1931-ல் கர்ட் மோரெக் எழுதிய பெர்லின் இரவு வாழ்க்கை வழிகாட்டியிலும் இப்படிப்பட்ட இடங்கள் வருகின்றன. 1933-ல் நாஜிகள் ஆட்சிக்கு வந்து கிளப்புகளை மூடியதும் இவ்வகை நூல்களுக்கும் வேலை இல்லாமல் போயிற்று.

அமெரிக்காவில் 1949-ல் புனைபெயர்களில் ஒரு வழிகாட்டி கைமாறிக்கொண்டிருந்தது. 1963-ல் சான் பிரான்சிஸ்கோவில் கய் ஸ்ட்ரெய்ட் ‘லாவெண்டர் பேடெக்கர்’ கொண்டுவந்தார். அதே ஊரில் பார் நடத்திய பாப் டேம்ரனின் ‘அட்ரஸ் புக்’ அதற்குப் பிறகு, 1960களின் நடுவில் வந்தது. ஆண்டுதோறும் விடாமல் புதுப்பித்ததுதான் டேம்ரனை முன்னுக்குக் கொண்டுவந்தது. ஒரு தடவை பட்டியல் போடுவது பெரிய காரியமில்லை. அடுத்த ஆண்டு அதைத் திருத்துவதுதான் கஷ்டம்.

கேள்வி: 1960களில் மட்டும் திடீரென்று இத்தனை வழிகாட்டிகள் வரக் காரணம்?

தபால்தான் காரணம். 1873-ஆம் ஆண்டின் காம்ஸ்டாக் சட்டப்படி ‘ஆபாசம்’ என்று கருதப்பட்ட எதையும் அமெரிக்கத் தபாலில் அனுப்ப முடியாது. தன்பாலீர்ப்பைப் பற்றிப் பேசினாலே ஆபாசம் என்பது அப்போதைய அதிகாரிகளின் கணக்கு. லாஸ் ஏஞ்சலஸில் வெளியான ‘ஒன்’ என்ற தன்பாலீர்ப்பினர் பத்திரிகையின் 1954 அக்டோபர் இதழைத் தபால் துறை தடுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 1958-ல் பத்திரிகைக்குச் சாதகமாக முடிந்தது. 1962-ல், பதிப்பாளர் லின் வோமாக் தொடர்ந்த வழக்கிலும் தபால் துறை தோற்றது. பின்னர் அவருடைய கில்ட் பிரஸ்ஸே ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. தபாலில் விற்க முடியும் என்றான பிறகுதான் இந்தத் தொழிலே சாத்தியமானது.

அச்சிட வழி பிறந்ததே தவிர, வாசிப்பவருக்குப் பாதுகாப்பு வரவில்லை. தன்பால் உறவைக் குற்றப் பட்டியலிலிருந்து முதலில் நீக்கிய மாநிலம் இல்லினாய். அதுவும் 1962-ல்தான் நடைமுறைக்கு வந்தது. நாடு முழுக்க அந்தச் சட்டங்கள் செல்லாமல்போக 2003 ஆயிற்று. வெளிநாட்டுத் தன்பாலீர்ப்பினரை நாட்டுக்குள் விடாத குடியேற்றச் சட்டம் 1990 வரை இருந்தது.

கேள்வி: டேம்ரன் நூலில் பெயருக்குப் பக்கத்தில் உள்ள எழுத்துகளை எப்படிப் படிப்பது?

ஒரு பதிவில் இருப்பது இவ்வளவுதான்: மாநிலம், ஊர், கடையின் பெயர், தெரு விலாசம், அடைப்புக்குறிக்குள் சில எழுத்துகள். வர்ணனை அநேகமாக இருக்காது. சட்டைப்பையில் அடங்கும் அளவு, முகவரிப் புத்தகம் என்ற அப்பாவிப் பெயர். பிறர் கையில் கிடைத்தாலும் சட்டென்று எதுவும் பிடிபடாது.

எழுத்துகளுக்கான பொருள் நூலின் முன்பக்கத்தில் இருக்கும். டி என்றால் நடனம் உண்டு. ஆர் என்றால் உணவகம், ஹெச் என்றால் தங்கும் விடுதி, எஸ் என்றால் மேடை நிகழ்ச்சி. எம் என்றால் எல்லாரும் கலந்து வரும் இடம். ஒய்.சி. என்றால் கல்லூரி வயதுக் கூட்டம், ஓ.சி. என்றால் வயதில் மூத்தவர்கள். பி.இ. என்று போட்டிருந்தால் கொஞ்சம் நாகரிகமான இடம், உடுத்திக்கொண்டு போக வேண்டும். நட்சத்திரக் குறி, கூட்டம் அலைமோதும் இடத்துக்கு.

கவனமாகப் படிக்க வேண்டியவை மூன்று. முதலாவது ஏ.ஒய்.ஓ.ஆர்.: ‘உங்கள் சொந்தப் பொறுப்பில்’. போலீஸ் பொறி, வழிப்பறி, அடிதடி எதுவாகவும் இருக்கலாம். எது என்று நூல் சொல்லாது. இரண்டாவது பி: கறுப்பின வாடிக்கையாளர்கள் வரும் இடம். அந்த எழுத்து இல்லாத இடங்களெல்லாம் வெள்ளையர்களுக்கானவை என்று தொகுத்தவர் கேட்காமலே எடுத்துக்கொண்டிருக்கிறார் என்பது அதிலிருந்தே தெரிகிறது. மூன்றாவது ஜி: பெண்களும் வருவார்கள், ஆனால் பெண்களுக்கு மட்டுமேயான இடமாக இருப்பது அபூர்வம்.

கேள்வி: அப்படியானால் பெண்கள் என்ன செய்தார்கள்?

தனியாக நூல் போட்டுக்கொண்டார்கள். 1970களில் வந்த ‘கையாஸ் கைடு’ லெஸ்பியன் பெண்களுக்கானது. அதில் பார்கள் மட்டுமின்றி புத்தகக் கடைகளும் பெண்கள் மையங்களும் முக்கிய இடம் பிடித்தன. பெண்களுக்கான பார்கள் குறைவு. இரவில் தனியாகப் போவதிலும் சிக்கல். மினியாபோலிஸின் அமேசான் போன்ற பெண்ணியப் புத்தகக் கடைதான் புதிதாக ஊருக்கு வருபவருக்கு முதல் படி. அறிவிப்புப் பலகையைப் பார்த்தாலே பாதி விவரம் கிடைத்துவிடும்.

கேள்வி: கறுப்பின மக்களுக்கான ‘கிரீன் புக்’ போன்றதுதானே இதுவும்?

தேவை ஒன்று, முறை நேர் எதிர். கறுப்பினப் பயணிகளை ஏற்கும் விடுதிகளையும் உணவகங்களையும் பட்டியலிட்டு, தபால்காரரான விக்டர் ஹியூகோ கிரீன் 1936-ல் தொடங்கிய அந்நூல் எஸ்ஸோ பெட்ரோல் நிலையங்களில் வெளிப்படையாக விற்றது. கடைக்காரர்கள் விரும்பி விளம்பரம் கொடுத்தார்கள். தன்பாலீர்ப்பினர் வழிகாட்டியில் இடம்பெறுவது பல பார் முதலாளிகளுக்கு ஆபத்து: நியூயார்க், கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் தன்பாலீர்ப்பினர் கூடுகிறார்கள் என்பதைக் காட்டியே மது உரிமத்தைப் பறிக்க அதிகாரிகள் முயன்ற காலம் அது. உரிமையாளருக்குத் தெரியாமலே அச்சேறிய இடங்களும் உண்டு.

கேள்வி: பழைய வழிகாட்டிகளில் ஏன் இவ்வளவு பிழைகள்?

தகவல் திரட்டுவதற்கும் புத்தகம் கைக்கு வருவதற்கும் நடுவே பல மாதங்கள் ஓடிவிடும். அதற்குள் பார் சோதனைக்கு உள்ளாகும், மூடும், வேறு பெயரில் எதிர்த்தெருவில் திறக்கும். திருத்தங்கள் பெரும்பாலும் வாசகர் கடிதங்களை நம்பியவை. கடிதம் வராத சிற்றூர்களின் பதிவுகள் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். ஒரு வழிகாட்டியைப் பார்த்து இன்னொன்று எழுதும்போது, மூடிப்போன கடை இரண்டிலும் ‘உயிரோடு’ இருக்கும்.

கேள்வி: ‘ஸ்பார்ட்டகஸ்’ என்ன ஆயிற்று?

1970-ல் ஜான் ஸ்டாம்ஃபோர்ட் தொடங்கிய தன்பாலீர்ப்பினர் வழிகாட்டி அது; அமெரிக்காவோடு நிற்காமல் உலகம் முழுவதையும் நாடு வாரியாகத் தொகுத்தது. ஒவ்வொரு நாட்டின் சட்ட நிலையையும் சேர்த்துச் சொன்னது பயணிக்குப் பெரிய உதவி. 1987-ல் பெர்லினின் புரூனோ க்மூண்டர் பதிப்பகத்துக்குக் கைமாறியது. கடைசி அச்சுப் பதிப்பு 2017. கைபேசியில் அன்றன்றைய தகவல் கிடைக்கும்போது ஆண்டுக்கொரு முறை வரும் தடித்த புத்தகத்தை யார் சுமப்பார்?

கேள்வி: ஒரு நகரத்தின் தன்பாலீர்ப்பு வரலாற்றை எழுத இந்நூல்களைச் சான்றாகப் பயன்படுத்தலாமா? எங்கிருந்து தொடங்குவது?

தாராளமாக. வரலாற்றாய்வாளர்கள் அமாண்டா ரீகன், எரிக் கொன்சாபா இருவரும் 2020-ல் தொடங்கிய ‘மேப்பிங் த கே கைட்ஸ்’ திட்டம் டேம்ரன் பதிவுகளை 1965 முதல் வரைபடத்தில் ஏற்றியிருக்கிறது. இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

ஒரே ஒரு நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அட்டவணையின் முதல் பத்தியில் கடைப் பெயருக்குப் பதில் விலாசத்தை எழுதுங்கள். பெயர் மாறும், விலாசம் நிற்கும். அடுத்தடுத்த பத்திகளில் ஒவ்வோர் ஆண்டின் பெயரும் எழுத்துகளும். 1970 பதிப்பில் இருப்பதை 1969-ன் நிலவரமாகக் கொள்வதே பாதுகாப்பு. பட்டியலிலிருந்து ஒரு பெயர் மறைந்தால் கடை மூடிவிட்டது என்று உடனே எழுதிவிடாதீர்கள். அந்த ஆண்டின் தொலைபேசி விவரத் திரட்டு, உள்ளூர்ச் செய்தித்தாள், மது உரிமப் பதிவு ஆகியவற்றில் ஒன்றிலாவது ஒத்துப்பாருங்கள்.

வரைபடத்தில் புள்ளிகள் பெருகுவதை வைத்து மக்கள் பெருகினார்கள் என்று சொல்வதுதான் புதியவர்கள் தவறாமல் செய்யும் பிழை. தொகுத்தவருக்கு அந்த ஊரில் கூடுதலாக ஒரு நண்பர் கிடைத்திருக்கலாம், அவ்வளவே. எண் இல்லாமல் தெருச் சந்திப்பை மட்டும் சொல்லும் பதிவுகளுக்கும், பூங்கா, பேருந்து நிலையம் போன்றவற்றுக்கும் வரைபடத்தில் துல்லியமான இடம் கிடையாது. அவற்றை வேறு நிறத்தில் குறித்துவையுங்கள்.