மகளிர் குழு மூலம் மருத்துவக் காப்பீடு: பணம் கட்டுமுன் என்ன கேட்க வேண்டும்?

கேள்வி: எங்கள் ஊர் செக்கானூரணி பக்கம். எங்கள் மகளிர் குழுக் கூட்டமைப்பு ஒரு காப்பீட்டுக் கம்பெனியோடு சேர்ந்து, குடும்பத்துக்கு வருஷம் 1,500 ரூபாயில் மருத்துவக் காப்பீடு தருவதாகச் சொல்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு ஆள் வருமாம். வீடு திரும்பிய பிறகும் மாதம் ஒருமுறை வந்து சர்க்கரை, பிரஷர் பார்ப்பார்களாம். மாமியாருக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் எங்களிடம் இருக்கிறது. இதிலும் சேரலாமா?

பதில்: சேரலாம். ஆனால் அடுத்த குழுக் கூட்டத்திலேயே பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். அந்த 1,500 ரூபாய் யார் கைக்குப் போகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

பணம் கம்பெனிக்குப் போய், கூட்டமைப்பின் பெயரில் குழுப் பாலிசி இருந்தால், கிளைம் கொடுக்க வேண்டியது கம்பெனி. கூட்டமைப்பே பணத்தைத் திரட்டி வைத்து, நோய் வந்த குடும்பத்துக்கு எடுத்துக் கொடுத்தால் அது பரஸ்பர உதவி நிதி. அதில் தவறில்லை, நம் மதுரையில் தானம் அறக்கட்டளையின் ‘களஞ்சியம்’ மகளிர் குழுக்களுக்கு இது பழகிய வழிதான். 2019இல் பத்மஸ்ரீ பெற்ற சின்னப்பிள்ளை அம்மாள் அந்தக் குழுக்களில் வளர்ந்தவர். ஆனால் பரஸ்பர உதவி நிதியில் தகராறு வந்தால், காப்பீட்டுக் கம்பெனிகள் மீதான புகாரை விசாரிக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்புட்ஸ்மன்) போக முடியாது. சங்கத்துக் கூட்டத்தில்தான் பேசித் தீர்க்க வேண்டும்.

குழுப் பாலிசி என்றால், உங்கள் குடும்பத்தார் பெயர், காப்பீட்டுத் தொகை, பிரீமியம் எல்லாம் போட்ட சான்று ஒன்று தருவார்கள். அதைக் கேட்டு வாங்குங்கள். ‘எல்லாம் ஆபீஸ்ல இருக்கு’ என்ற பதிலோடு திரும்பாதீர்கள். சான்றில் பிரீமியம் 1,100 என்றிருந்தால் மீதி 400 எதற்கு என்று கேளுங்கள். துணைக்கு வரும் பெண்ணின் சம்பளத்துக்கு என்றால் நியாயமான செலவுதான், அதற்குத் தனி ரசீது போடச் சொல்லுங்கள்.

அந்தப் பெண்ணின் உதவியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். என் சின்னம்மா இடுப்பெலும்பு முறிந்து மதுரையில் ஒரு மருத்துவமனையில் கிடந்தபோது, ஆதாரில் ‘லட்சுமி’, காப்பீட்டு அட்டையில் ‘லெட்சுமி’ என்று இருந்ததால் கவுன்டரில் ஃபைலை ஒதுக்கி வைத்துவிட்டார்கள். நாங்கள் கைபிசைந்து நின்றோம். குழுவிலிருந்து வந்த பெண் துணிப்பையிலிருந்து ரேஷன் அட்டை நகலை எடுத்து நீட்டி, இரண்டும் ஒரே ஆள்தான் என்று ஒரு கடிதம் எழுதி, சின்னம்மாவிடம் கைநாட்டு வாங்கிக் கொடுத்தார். மதியத்துக்குள் ஃபைல் நகர்ந்தது. எந்த ஆஸ்பத்திரியில் எந்த ஜன்னலில் நிற்க வேண்டும் என்று தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருப்பது, நம் மாதிரிக் குடும்பங்களுக்குப் பாலிசிக்குச் சமம்.

ஆனால் துணைக்கு ஆள் வருவதும் வீட்டுக்கு வந்து பார்ப்பதும் பெரும்பாலும் கூட்டமைப்பு கொடுக்கும் வாக்கு. பாலிசியில் எழுதியிருக்காவிட்டால் கம்பெனியைக் கேட்க முடியாது. அந்தப் பெண் வேலையை விட்டால் வேறு யார் வருவார், எந்த வாரம் வருவார், சர்க்கரை அளவை எந்த நோட்டில் குறிப்பார் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.

மாமியார் விஷயம் முக்கியம். ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் இருக்கலாம், அதாவது அது முடியும்வரை அந்த நோய்க்குக் கிளைம் கிடைக்காது. 2024 ஏப்ரலிலிருந்து அது அதிகபட்சம் 3 ஆண்டு. சில குழுப் பாலிசிகளில் முதல் நாளிலிருந்தே ஏற்பார்கள், சிலவற்றில் மாட்டார்கள். வயது வரம்பையும் பாருங்கள். விண்ணப்பத்தில் சர்க்கரையை மறைக்க வேண்டாம். ‘போடாதீங்க, பிரச்சினை வரும்’ என்று யாராவது சொன்னால், கிளைம் நேரத்தில் அதைவிடப் பெரிய பிரச்சினை வரும்.

முதலமைச்சர் அட்டையை விட்டுவிடாதீர்கள். வருஷத்துக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம் வரை, பிரீமியம் இல்லாமல். வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு அது. பட்டியலிட்ட சிகிச்சைக்கு மட்டுமே என்பதால், சாதாரணக் காய்ச்சலுக்கு இரண்டு நாள் படுத்தாலும் மாத மாத்திரை வாங்கினாலும் பொதுவாக உதவாது. புதுத் திட்டம் அந்த இடைவெளியில் எதையாவது அடைக்கிறதா என்று பாருங்கள். அடைக்காவிட்டால் 1,500 ரூபாயை மாமியார் மருந்துக்கு வைத்துக்கொள்வது மேல்.

கேள்வி: சேர்ந்த பிறகு கம்பெனி கிளைமை மறுத்தால் கூட்டமைப்பு பார்த்துக்கொள்ளுமா?

பதில்: பார்க்கலாம், ஆனால் நீங்களும் மறுப்புக் கடிதத்தை எழுத்தில் வாங்குங்கள். முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியில்லை என்றாலோ, ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு அனுப்பலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் (IRDAI) 155255 என்ற எண்ணிலும் புகார் சொல்லலாம். டிஸ்சார்ஜ் சம்மரி, பில், சான்று மூன்றின் நகலையும் வீட்டில் ஒரு பையில் வைத்திருங்கள். கூட்டமைப்பு அலுவலகத்தில் மட்டும் கொடுத்து வைக்காதீர்கள்.