பேய் ஷோ போஸ்டர்: அசலா, நகலா?

கேள்வி: அமெரிக்காவின் பழைய நள்ளிரவுப் பேய் ஷோ போஸ்டர் ஒன்றை ஆன்லைன் ஏலத்தில் பார்த்தேன். மேல் பாகம் காலியாக இருக்கிறது. போலியா சார்?
- ஒரு வாசகர், கோவை

பதில்: காலியாக இருப்பதால் மட்டும் போலி என்று தள்ளிவிடாதீர்கள். 1930களிலிருந்து 60கள் வரை அங்கே மேஜிக்காரர்கள் ஊர் ஊராகப் போய், சினிமா தியேட்டரில் நள்ளிரவில் ஷோ நடத்தினார்கள். மேடையில் தலையை வெட்டுவது, எலும்புக்கூடு ஆட்டம் எல்லாம் முடிந்ததும் மொத்த விளக்கையும் அணைத்துவிட்டு, இருட்டில் ஒளிரும் பெயின்ட் பூசிய 'பேய்களை' ஜனங்களின் தலைக்கு மேலே பறக்கவிடுவார்கள், அப்புறம் ஒரு திகில் படம். எல்வின் என்பவர்தான் இதன் முன்னோடி என்பார்கள், டாக்டர் சில்கினி ஷோவும் ரொம்பப் பிரபலம். கடை ஜன்னலில் வைக்க 14-க்கு 22 அங்குல அட்டை போஸ்டர் மொத்தமாக அடித்து, தியேட்டர் பெயரும் தேதியும் பிறகு சேர்க்க மேலே இடம் விடுவது வழக்கம். காலியாக இருந்தால் பயன்படுத்தாமல் மிஞ்சிய சரக்காக இருக்கலாம். எனக்கென்னவோ ஊர்ப்பெயர் இருப்பதுதான் பிடிக்கும், எந்த ஊரை மிரட்டியது என்றாவது தெரியுமே!

நகலைப் பிடிக்க ஒரு லென்ஸ் போதும். பெரிய எழுத்தும் பட்டையான நிறமும் பொடிப் பொடிப் புள்ளிகளாகத் தெரிந்தால் சந்தேகப்படுங்கள், ஏனென்றால் பழைய அச்சில் அந்த இடங்களில் மை ஒரே சீராகப் பரவியிருக்கும். அதனால் பணம் கட்டும் முன் குளோசப் படம், பின்பக்கப் படம் இரண்டும் கேளுங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள். வாங்கினால் லேமினேஷன் மட்டும் வேண்டாம், மதிப்பே போய்விடும்.