வாசகர் கேள்வி – பதில்: யாருக்கு முதலிடம்?

கேள்வி: இணையத்தில் மல்யுத்த வீரர்களாக வேடமேற்று, சவால் வசனம் எழுதி மோதுகிறோம், நடுவர் வெற்றியாளரைச் சொல்வார். புதுமுகங்களை மட்டுமே தோற்கடித்தவர் பட்டியலில் முதலிடம். இது நியாயமா?
– வாசகர், தக்கலை

பதில்: இல்லை. வெற்றிகளை வெறுமனே எண்ணினால், எளிய எதிராளியைத் தேடிப் பிடிப்பவரே முன்னேறுவார். எதிராளியின் பலத்தைப் பொறுத்துப் புள்ளியைக் கூட்டிக் குறைக்கும், சதுரங்கத்தின் எலோ முறைக்கு மாறுங்கள். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே 1970-இலேயே ஏற்றுக்கொண்டது அது. எல்லோருக்கும் 1500 புள்ளி, பெருக்கெண் (ஒரு போட்டியில் அதிகபட்சம் மாறக்கூடிய புள்ளி) 32 என்று தொடங்குங்கள். சமமானவர்கள் மோதினால் வென்றவருக்கு 16 கூடும், தோற்றவருக்கு 16 குறையும். 400 புள்ளி கீழே இருப்பவரை வென்றால் கிடைப்பது வெறும் 3. அவரிடம் தோற்றாலோ 29 போய்விடும். அப்புறம் யார் புதுமுகத்தைத் தேடி ஓடப்போகிறார்கள்!

எதிராளி எழுதியே அனுப்பாத போட்டிக்குப் புள்ளி வேண்டாம். பட்டியல் வீங்குவதே அங்கேதான்.

ஆனால் கணக்கு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் நடுவர் சாய்ந்தால் வீண். எழுதியவர் பெயரை மறைத்தாலும் எழுத்து நடையை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். எனவே மூன்று நடுவர்கள் தனித்தனியே மதிப்பெண் போடட்டும்; மூன்றில் நடுவே வரும் மதிப்பெண்ணை மட்டும் எடுங்கள். சொல் வரம்பும் வையுங்கள், நீளத்துக்கு மார்க் விழாது. குழு நடத்துபவரே பட்டத்துக்கு மோதினால், அந்தப் போட்டிக்கு அவர் நடுவரை நியமிக்கக் கூடாது.