போர்ஷே 911-ஐக் கொடுத்துவிட்டு லம்போர்கினி ஹுராகான் வாங்கலாமா?

கோவையில் ஆறு வருடமாக 911 ஓட்டுகிறேன், ஹுராகானுக்கு மாறினால் பின்னால் வருத்தப்படுவேனா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டையும் ஓட்டியவன் என்ற முறையில் சொல்கிறேனுங்க.

முதலில் கை பழக வேண்டும். 911-இல் எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. அதனால் வளைவில் நுழையும்போது வண்டியின் மூக்கு லேசாக இருக்கும். பிரேக்கைக் கொஞ்சம் பிடித்தபடியே திருப்பி, வெளியேறும்போது ஆக்சிலரேட்டரை மிதித்தால் பின் சக்கரங்கள் சாலையைக் கவ்விப் பிடித்துத் தள்ளும். ஹுராகானில் எஞ்சின் இருக்கைக்கும் பின் அச்சுக்கும் நடுவில். சட்டென்று திரும்பும், எல்லை மீறினால் சட்டென்று சுழலவும் செய்யும். ஆழியாறு–வால்பாறை சாலையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் போய் இதைக் கற்காதீர்கள். செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே ரேஸ் டிராக் பக்கத்தில்தானே இருக்கிறது?

மாறுவதற்கு உண்மையான காரணம் சத்தம்தான். டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத ஹுராகானின் 5.2 லிட்டர் வி10, அதாவது பத்து சிலிண்டர் எஞ்சின், நிமிடத்துக்கு 8,000 சுற்றைத் தொடும்போது முதுகுத்தண்டு சிலிர்க்கும். ஹுராகானுக்கு அடுத்து வந்த லம்போர்கினி டெமராரியோவில், எட்டு சிலிண்டரும் மின் மோட்டாரும் சேர்ந்த இரட்டை டர்போ வி8 ஹைபிரிட் வந்துவிட்டது; அந்த வி10 அதில் இல்லை.

அப்புறம் வேகத்தடை. மூக்கைத் தூக்கும் வசதியுள்ள வண்டியாகப் பாருங்கள். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு ஊரில் பட்டனை அழுத்த மறந்தேன்; 'கர்ர்'ரென்ற சத்தத்துக்கு டீக்கடையே எழுந்து நின்றது.

ஹுராகானில் பின் இருக்கையும் கிடையாது. வீட்டில் ஒரு வண்டிக்குத்தான் இடமென்றால் நான் 911-ஐ விடமாட்டேன்.