சாராயத்துக்குப் பதில் கனடாக் கஞ்சாப் பானமா?

பரந்தனிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "ஆவணியில் அண்ணா குடும்பத்தோடு ரொறன்ரோவிலிருந்து வருகிறார். சொந்தக்காரர் முப்பது பேருக்கு வீட்டில் இராச்சாப்பாடு வைக்க இருக்கிறோம். எங்கள் பக்கம் விருந்தென்றால் பின்வளவில் போத்தல் திறப்பது வழக்கம். போன வருசம் அது சண்டையில் முடிந்தது. என் மாமா, அதாவது கணவரின் தகப்பன், தினமும் குடிப்பவர். அண்ணா சொல்கிறார், 'இங்க குறைஞ்ச அளவு கஞ்சா போட்ட சோடா ரின்னில விக்கிறாங்கள். சண்டை இல்லை, விடிய தலையிடி இல்லை. ஒரு பெட்டி கொண்டு வாறன், மாமாவும் சாராயத்தை விடுவார்' என்று. கொடுக்கலாமா? எவ்வளவு? இல்லையென்றால் வேறு என்ன வைக்கலாம்?"

கொண்டுவர வேண்டாம் என்று இன்றைக்கே அண்ணாவுக்குப் போன் எடுத்துச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

கனடாவில் 2018 ஒக்ரோபர் 17 இல் கஞ்சா சட்டபூர்வமானது. ஒரு வருடம் கழித்து உண்ணும் பொருள்களுக்கும் பானங்களுக்கும் இடம் கொடுத்தார்கள். ஆனால் அதே சட்டம் கஞ்சாவை அனுமதியில்லாமல் நாட்டு எல்லை தாண்டிக் கொண்டுபோவதைக் குற்றம் என்கிறது. ஆக, ரொறன்ரோ விமான நிலையத்திலேயே அண்ணா ஒரு குற்றம் செய்கிறார். கட்டுநாயக்கவில் இறங்கும்போது அது இரண்டாவது. நம் நாட்டில் 1929 இன் நஞ்சு, அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. கஞ்சாவைக் கொண்டுவருவது, வைத்திருப்பது, கொடுப்பது மூன்றுமே அதன் கீழ் குற்றம். ஆயுர்வேத மருந்து செய்வதற்கு அரச கட்டுப்பாட்டோடு ஒரு விலக்கு உண்டு. வீட்டு விருந்துக்கு அந்த விலக்கு பொருந்தாது. இலை அல்ல, சோடாதான், அதுவும் மிகக் குறைந்த அளவுதான் என்று விளக்கம் சொல்லித் தப்ப முடியாது. முப்பது பேர் கூடும் வீட்டில் யார் யாருக்குச் சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். பொலிஸ் வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் வீட்டுக்காரராகிய நீங்கள். அண்ணா அப்போது விமானம் ஏறியிருப்பார்.

அண்ணாவின் எண்ணத்தில் குறை காணவில்லை. குடியால் உடைந்த குடும்பங்களை இருபது வருசமாக இந்த மண்ணில் வைத்தியனாகப் பார்த்து வருகிறேன். சண்டையில்லாத ஒரு விருந்து வேண்டுமென்று ஒருவர் ஆசைப்படுவது எனக்கு நன்றாக விளங்குகிறது. அதனால் அந்த ரின்னுக்குள் என்ன இருக்கிறது என்பதையும் சொல்கிறேன். நாளைக்கு நீங்கள் ரொறன்ரோப் பக்கம் ஸ்காபரோவுக்கு விருந்தாளியாகப் போகும்போது உதவும்.

கஞ்சாவில் போதை தரும் பொருளின் பெயர் டி.எச்.சி. கனடாவில் ஒரு ரின்னுக்குள் அது 10 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது, 2, 2.5, 5 என்று குறைந்த அளவுகளிலும் கிடைக்கிறது. புதிதாகக் குடிப்பவர் 2.5 அல்லது அதற்கும் குறைவாகத் தொடங்க வேண்டும் என்பதுதான் அங்குள்ள சுகாதாரத் துறையின் அறிவுரை. டி.எச்.சி எண்ணெயில் கரையும், தண்ணீரில் கரையாது. சோடாவில் கலக்க வேண்டுமென்றால் கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகளாக உடைத்துத்தான் கலக்க வேண்டும். துளி சிறிதாக இருப்பதால் இந்தப் பானம் சிலருக்குக் கால் மணி, அரை மணியிலேயே வேலை செய்யத் தொடங்குகிறது. பிஸ்கற், சொக்லேற்றில் போட்டதென்றால் அரை மணியிலிருந்து இரண்டு மணிவரை எடுக்கும். உச்சத்துக்கு வர நாலு மணி ஆகலாம், இறங்கப் பன்னிரண்டு மணியும், முற்றாக விட ஒரு நாளும் ஆகலாம். வயிற்று வழியாகப் போகும் டி.எச்.சி ஈரலில் இன்னொரு பொருளாக மாறுகிறது. அதுவும் மூளையில் பலமாக வேலை செய்யும். புகைப்பதை விட உண்பதும் குடிப்பதும் நீண்ட நேரம் நிற்பது அதனால்தான். கொழுப்பான சாப்பாடு அது உடலில் சேர்வதைக் கூட்டும். ஆட்டிறைச்சிக் கறியும் புட்டும் சாப்பிட்ட வயிற்றில் எப்போது, எவ்வளவு ஏறும் என்று ரின்னில் எழுதியிருப்பதை வைத்துச் சொல்ல முடியாது.

சாராயத்துக்கும் இதற்கும் இங்கேதான் பெரிய வித்தியாசம். குடிக்கிற ஆளுக்குத் தன் அளவு ஓரளவு தெரியும், பார்ப்பவருக்கும் தெரியும். ஐந்து மில்லிகிராம் டி.எச்.சி ஒருவருக்கு ஒன்றுமே செய்யாது, பக்கத்தில் இருப்பவரைப் படுக்க வைத்துவிடும்.

ஸ்காபரோவில் உறவினர் வீட்டு விருந்தொன்றில் நானே கண்டது இது. அறுபதை நெருங்கிய ஒரு மாமி, வெக்கையாக இருக்கிறதென்று பிரிட்ஜைத் திறந்து ஒரு ரின்னை எடுத்து மடமடவென்று குடித்துவிட்டார். இஞ்சிச் சோடா என்று நினைத்திருக்கிறார். இஞ்சி என்ற எழுத்துத்தான் அவர் கண்ணில் பட்டது. கஞ்சா இலை போட்ட சிவப்பு அடையாளம் அவர் விரல் மறைத்த பக்கத்தில் இருந்தது. பத்து மில்லிகிராம். முக்கால் மணியில், "கை கால் என்ரை மாதிரி இல்லை, நெஞ்சு அடிக்குது, நான் சாகப்போறன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நாடி நூற்றிருபதுக்கு மேல். பிரசர் குளிசை பாவிப்பவர். வெளிச்சத்தைக் குறைத்து, ஒரு அறையில் இருத்தி, தண்ணீர் கொடுத்து, "இது இறங்கும் மாமி, நான் எழும்பிப் போகமாட்டன்" என்று மூன்றரை மணி நேரம் பக்கத்தில் இருந்தேன். அதிகாலையில்தான் நித்திரை கொண்டார். யாரும் அவருக்கு வேண்டுமென்று கொடுக்கவில்லை. ஆனால் அந்த ரின் மற்றச் சோடாக்களோடு ஒரே தட்டில் இருந்தது.

அதனால் அது சட்டபூர்வமான இடத்தில் விருந்து வைப்பவருக்கு நான் சொல்வது: ரின்னைத் தனியாக, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். சின்னப் பிள்ளை குடித்தால் அது ஆஸ்பத்திரி விசயம், காத்திருக்கக் கூடாது. என்னவென்று வாயால் சொல்லி, கேட்பவருக்கு மட்டும், உடைக்காத ரின்னாகக் கையில் கொடுங்கள். கிளாசில் ஊற்றிப் பரிமாற வேண்டாம். ஊற்றிவிட்டால் அது வெறும் சோடாவாகத்தான் தெரியும். ஒரு இரவுக்கு ஒன்று போதும். "ஒன்றும் செய்யவில்லையே" என்று இரண்டாவதை எடுப்பதில்தான் பெரும்பாலான கரைச்சல் தொடங்குகிறது. மதுவோடு சேர்க்கவே கூடாது. மது இரத்தத்தில் டி.எச்.சி அளவைக் கூட்டும், தலைசுற்றிச் சத்தி எடுக்க வைக்கும். குடித்தவர் அன்றிரவு வாகனம் ஓடக் கூடாது, படுக்க இடம் கொடுங்கள். கர்ப்பிணி, பால் கொடுக்கும் தாய், இருதய நோயாளி, இரத்தம் உறையாமலிருக்க வோர்பரின் எடுப்பவர், தமக்கோ குடும்பத்திலோ மனநோய் உள்ளவர் ஆகியோருக்கு அரை ரின் கூடக் கூடாது.

இன்னொரு கூட்டத்தையும் சேர்க்கிறேன். எந்த ரின்னிலும் அது எழுதியிருக்காது. 2009 இல் முள்ளிவாய்க்கால் வரை நடந்தவர்கள். உங்கள் முப்பது பேரில் எத்தனை பேர் இன்னும் வெடிச் சத்தத்துக்கு, பட்டாசுக்குக் கூட, உடம்பு தூக்கிப்போட நிற்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். டி.எச்.சி கூடினால் வரும் பயமும் நெஞ்சிடிப்பும் எல்லாரையும் வாட்டும். பழைய பயத்தை உடம்பில் சுமப்பவருக்கு அது எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்ல முடியாது. விருந்துக்கு வந்தவரை அந்த இடத்தில் விட எனக்கு மனமில்லை.

சரி, மாமா. உங்கள் கேள்வியில் எனக்குக் கூடக் கவலை தந்தது இந்த இடம்தான். தினமும் குடிப்பவரின் சாராயத்தை ஒரு நாளில் எடுத்துவிட்டு வேறொன்றைக் கையில் கொடுப்பது ஆபத்து. கடைசியாகக் குடித்து ஆறு மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் கை நடுக்கம், வியர்வை, பதற்றம் தொடங்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம், நாலாம் நாள்களில் இல்லாததைக் காண்பது, ஆளை மறப்பது, காய்ச்சல் என்று போனால் அது உயிரெடுக்கும். கஞ்சாப் பானம் இதில் எதையும் தடுக்காது. அண்ணா வருவதற்கு ஒரு மாதம் முன்னரே மாமாவை ஆஸ்பத்திரி மனநலக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். குடியைக் குறைக்க, நிறுத்த அங்கே குளிசையும் விற்றமினும் திட்டமும் இருக்கிறது. விருந்தன்று வராமல் விட்டாலும் பரவாயில்லை. வீட்டில் குடி நின்று நடுக்கத்தோடு ஆள் குழம்பினாலோ வலிப்பு வந்தாலோ தாமதிக்காமல் 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

விருந்துக்கு வருவோம். கையில் ஒரு கிளாஸ், மெல்ல உறிஞ்சும் ஏதோ ஒன்று, பின்வளவில் ஆம்பிளையளின் கதை: சாராயத்தோடு சேர்ந்து வருவது இவைதான். இவை மூன்றையும் வைத்துக்கொண்டு சாராயத்தை மட்டும் எடுக்கலாம். ஆனால் வைக்கிற பானத்தில் காரம் இருக்க வேண்டும். இனிப்பான நெக்டோ, ஒறேஞ்ச் பார்லி சோடா என்றால் இரண்டு மிடறில் முடித்துவிட்டு "எங்கை மற்றது?" என்பார்கள்.

எங்கள் வீட்டில் இப்படிச் செய்வோம். நூறு கிராம் இஞ்சியைத் தோலோடு இடித்து, பத்துப் பன்னிரண்டு மிளகும் ஒரு மேசைக்கரண்டி கொத்தமல்லியும் தட்டிப் போட்டு, ஒரு லீற்றர் தண்ணீரில் பாதியாகும் வரை காய்ச்சுவோம். இறக்கிய பின் ஒரு கைப்பிடி பனங்கட்டி, அரைத் தேக்கரண்டி உப்பு. ஆறவிட்டு வடித்துப் போத்தலில் அடைத்துக் குளிரவைத்தால் நாலைந்து நாள் கிடக்கும். பரிமாறும்போது கிளாசில் மூன்றில் ஒரு பங்கு இதை ஊற்றி, அரைத் தேசிக்காய் பிழிந்து, சோடாவை நிரப்புங்கள். முதல் மிடறு தொண்டையைப் பிடிக்கும், மூக்கில் ஏறும். அதை யாரும் மடமடவென்று குடிக்க மாட்டார்கள். பனங்கட்டியும் சீனிதான் என்பதால் சலரோகக்காரருக்கு அதைப் போடாமல் ஒரு போத்தல் தனியாகக் காய்ச்சி, வாயில் ஒரு நூல் கட்டி வையுங்கள். அவர்களுக்கு மோரும் நல்லது: பச்சை மிளகாய், சின்ன வெங்காயம், கறிவேப்பிலை கசக்கிப் போட்டு.

கருப்பநீர், அதாவது பனையிலிருந்து இறக்கும் பதநீர், வைக்கலாமா என்றும் கேட்பீர்கள். எனக்கும் அதில் ஆசைதான், ஆனால் ஆவணியில் நல்லதாகக் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் முட்டிக்குச் சரியாகச் சுண்ணாம்பு பூசித்தான் இறக்கினார்களா என்று கேளுங்கள். சுண்ணாம்பு குறைந்தால் மத்தியானத்துக்குள் புளித்துக் கள்ளாகிவிடும். பிள்ளைகளுக்கும் அதைத்தான் ஊற்றிக் கொடுத்திருப்பீர்கள்.

நேரத்தையும் மாற்றுங்கள். நம் விருந்துகளில் சாப்பாடு பத்து மணிக்கு வருவதால் ஏழிலிருந்து பத்துவரை போத்தலுக்கு இடம் கிடைக்கிறது. ஏழரைக்கே பொரித்த குளத்து மீனும் இஞ்சிச் சோடாவும் பின்வளவுக்குப் போகட்டும், எட்டேகாலுக்குச் சோற்றைப் போடுங்கள். இந்த முறை வீட்டில் சாராயம் இல்லை என்று அழைக்கும்போதே உங்கள் கணவர் சொல்ல வேண்டும். அன்றைக்கு வாசலில் வைத்துச் சொன்னால் அது அவமானமாகப் போய்விடும். யாராவது போத்தலோடு வந்தால் அண்ணாவே அதை வாங்கிக் காரில் வைத்து, போகும்போது திருப்பிக் கொடுக்கட்டும். கனடாவிலிருந்து வந்தவர் சொன்னால் மறுத்துப் பேச மாட்டார்கள்.