அழகில்லாத வீடுகளும் வீடற்றவர்களும்

அன்புள்ள ஐயா,

சோவியத் காலத்து அடுக்குமாடிக் குடியிருப்புகளின் படங்களைப் பார்த்த என் மகள், ‘தீப்பெட்டிகளை அடுக்கியதுபோல இருக்கும் இவற்றில் மனிதர்கள் எப்படி வாழ்ந்தார்கள்?’ என்று கேட்டாள். அழகு பார்த்துக் கட்டியிருந்தால் கோடிக்கணக்கானோர் தெருவில்தான் கிடந்திருப்பார்கள், அந்த நாட்டில் வீடற்றவரே இல்லை என்று பதில் சொன்னேன். நான் சொன்னது சரிதானா?

ஒரு வாசகர், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் பதிலின் முதல் பாதியைப் பெருமளவு ஏற்கிறேன். இரண்டாம் பாதியை ஏற்க இயலவில்லை.

இரண்டாம் உலகப் போரில் இரண்டரைக் கோடிப் பேர் வீடிழந்ததாக சோவியத் அரசே கணக்கிட்டது. நகரங்களில் குடும்பத்துக்கு ஓர் அறை, பல குடும்பங்களுக்கும் சேர்த்து ஒரே சமையலறை, ஒரே கழிவறை என்ற ஒண்டுக்குடித்தனத்தில் ஏராளமானோர் வாழ்ந்தனர். அதுவும் கிடைக்காதவர்கள் மரக் கொட்டகைகளிலும் நிலவறைகளிலும் தங்கினர். அதே காலத்தில் ஸ்டாலின் அரசு தூண்களும் சிற்பங்களுமாக எழுப்பிய அழகிய மாளிகைக் குடியிருப்புகள் மிகச் சிலருக்கே கிடைத்தன. ஸ்டாலினுக்குப் பின் வந்த குருஷ்சேவ் ஆட்சியில் 1955இல் வந்த ஆணை அந்த அலங்காரங்களை வீண் ஆடம்பரம் என்று நிறுத்தியது. 1957 ஆணை வீட்டுப் பஞ்சத்தைத் தீர்ப்பதை இலக்காக்கியது. விதாலி லகுதென்கோ போன்ற பொறியாளர்கள், தொழிற்சாலையில் வார்த்த கான்கிரீட் பலகைகளை லாரியில் கொண்டுவந்து கிரேனால் பொருத்தும் முறையை வகுத்தார்கள். ஐந்து தளங்களுக்கு மேல் உயர்ந்தால் லிஃப்ட் வைக்க வேண்டும் என்பதால் அதோடு நிறுத்தினார்கள். கூரையைச் சுமார் இரண்டரை மீட்டருக்கு இறக்கினார்கள். சமையலறையை ஐந்தாறு சதுர மீட்டருக்குள் அடக்கினார்கள். உங்கள் மகள் கண்ட அந்தத் தோற்றத்தின் ஒவ்வொரு கோடும் செலவுக் கணக்கிலிருந்து வந்தது. அதற்குள் குடியேறியவர்களுக்கோ வாழ்நாளில் முதன்முறையாகத் தாழிட்டுக்கொள்ள ஒரு சொந்தக் கதவு கிடைத்தது. அதை நான் மிகப் பெரிய காரியமாகவே மதிக்கிறேன். 2017இல் மாஸ்கோ நகர நிர்வாகம் இவற்றில் ஆயிரக்கணக்கான கட்டடங்களை இடிக்க முன்வந்தபோது பலர் வரவேற்றாலும், அங்கே வசித்தவர்களில் ஆயிரக்கணக்கானோர் தெருவில் இறங்கி எதிர்த்தார்கள்.

ஆயினும் அழகும் எண்ணிக்கையும் பகை என்று மகளிடம் சொல்லிவிடாதீர்கள். 1923க்கும் 1934க்கும் இடையில் ஆஸ்திரியத் தலைநகரான வியன்னாவின் மாநகராட்சி, வசதி படைத்தோர்மீது கூடுதலாக விழும்படி வீட்டு வரி விதித்து, தொழிலாளர்களுக்கு அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டியது. அப்படிக் கட்டிய குடியிருப்புத் தொகுதிகளுள் ஒன்றான கார்ல் மார்க்ஸ் ஹோஃபின் வளைவு வாயில்களையும் அகன்ற முற்றங்களையும் அவளுக்குக் காட்டுங்கள். சோவியத் தேவை இதைப் போலப் பல நூறு மடங்கு என்பதும் உண்மைதான்.

இனி, வீடற்றவரே இல்லை என்ற கூற்றுக்கு வருகிறேன். அங்கே ஒவ்வொருவருக்கும் ‘புரபீஸ்கா’ என்ற முகவரிப் பதிவு கட்டாயம். சிறைக்குப் போனவர் வீட்டுரிமையையும் பதிவையும் இழப்பார். பதிவு இல்லாதவருக்கு முறையான வேலை கிடைக்காது, வேலை இல்லாதவருக்குப் பதிவு கிடைப்பது அரிது. இப்படி அலைந்தவர்களை நாடோடித்தனம் என்ற குற்றத்துக்காகச் சட்டம் மீண்டும் சிறையில் தள்ளியது. கணக்கில் அவர்கள் இல்லாமல் போனது இவ்வாறுதான். கட்டடங்கள் எத்தனை எழுந்தாலும் அவர்களுக்கு அவற்றில் இடம் இல்லை. 1990இல் லெனின்கிராடில் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) உணவுப் பங்கீட்டு அட்டைகள் வழங்கப்பட்டபோது, பதிவு இல்லாத காரணத்தால் இவர்களுக்கு அவையும் மறுக்கப்பட்டன. அவ்வாண்டு அங்கே தொடங்கிய ‘நோச்லெஷ்கா’ என்ற தொண்டமைப்பு, அந்த அட்டைகளை இவர்களுக்கு வாங்கித் தருவதிலிருந்துதான் தன் பணியை ஆரம்பித்தது.